திரும்ப வைத்த எலும்பு ஏன் கரைகிறது? குழந்தைகளின் மண்டை ஓடு பற்றிக் கொஞ்சம் விரிவாக

"எடுத்த எலும்பை எங்க சார் வச்சிருக்கீங்க?"

தலையில் அடிபட்டு ஆபரேஷன் முடிந்த குழந்தையின் அம்மாவோ அப்பாவோ இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் கேட்கும் கேள்வி இது. முதல் நாள் யாரும் கேட்பதில்லை. பிள்ளை பிழைக்குமா என்பதைத் தவிர அன்றைக்கு வேறெதுவும் மனசில் ஓடாது. கேட்டதும் கிடைக்கும் பதில் பலரைத் திடுக்கிட வைக்கும்: "வயித்துல வச்சிருக்கோம்மா." உண்மைதான். குழந்தையின் வயிற்றில், தொப்புளுக்குப் பக்கவாட்டில், தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு பை மாதிரி பிரித்து, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் மண்டை எலும்பை அதற்குள் செருகித் தைத்திருப்பார்கள். வீக்கம் வடிந்த பிறகு மெதுவாகத் தடவிப் பார்த்தால் எலும்பின் விளிம்பு விரலில் தட்டுப்படும்.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இது சர்வசாதாரணம். இன்னொரு வழி, எலும்பை மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைப்பது. அதற்குக் கரண்ட் நிற்கக் கூடாது, யாருடைய எலும்பு எது என்று மாதக்கணக்கில் பிசகாமல் கணக்கு வைத்திருக்க வேண்டும், கிருமி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. குழந்தை எந்த ஊருக்குப் போனாலும் எலும்பும் கூடவே போகும், ஆள் மாறிப்போக வழியே இல்லை. 1920 வாக்கிலேயே மருத்துவ இதழ்களில் எழுதப்பட்ட முறை, நூறு வருஷம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்கு வயிறே ஒரு சாண்தான் என்பதால் அங்கே இடம் போதாமல் போவதுண்டு, அவ்வளவுதான்.

ஆனால் இது பாதிக் கதை. வார்டில் பெற்றோர் காதில் விழுவதும் அநேகமாக இந்தப் பாதிதான்: வீக்கம் வடிஞ்சதும் எலும்பைத் திரும்ப வச்சிடுவோம், எல்லாம் சரியாயிடும். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. குழந்தைகளுக்கு அப்படி இல்லை. திரும்ப வைத்த சொந்த எலும்பு, ஆய்வுகளில் பார்த்தால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மறுபடியும் ஓட்டை விழுகிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்ட பெற்றோர் ஒரு வருஷம் கழித்து இன்னொரு ஆபரேஷன் என்றால் கலங்கினாலும் தாங்கிக்கொள்வார்கள். தெரியாதவர்கள் முதல் டாக்டர் தப்பு செய்துவிட்டார் என்றே நினைப்பார்கள். பாதி நேரம் அவர் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார், சொல்லாமல் விட்டதைத் தவிர.

சரி, எலும்பை எதற்கு எடுக்கிறார்கள் என்பதிலிருந்து வருவோம்.

மண்டை ஓடு மூடிய பெட்டி. அதற்குள் இருப்பதில் சுமார் 80 சதவீதம் மூளை, 10 சதவீதம் ரத்தம், மீதி 10 சதவீதம் மூளையைச் சுற்றியிருக்கும் நீர். இந்த மூன்றில் ஒன்று கூடினால் மற்ற இரண்டில் ஒன்று இடம்விட்டுத்தான் ஆக வேண்டும். எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மன்றோ 1783-லும் அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824-லும் சொன்ன இந்தக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. பலமாக அடிபட்ட மூளை வீங்கும். முதலில் நீர் முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கும், அப்புறம் ரத்தக்குழாய்கள் நசுங்கும், அதற்கு மேல் ஒதுங்க எதுவும் இல்லை, மூளைக்கே ரத்தம் ஏறாது. மருந்து கொடுத்து, வென்டிலேட்டரில் வைத்து, தலையை உயர்த்திப் படுக்க வைத்து எல்லாம் பார்த்தும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுவதுதான் மிச்சம். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கு இயற்கையே கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறது, ஆனால் மளமளவென்று ஏறும் வீக்கத்துக்கு அந்த இடம் காணாது.

குழந்தைகளுக்கு இது பலன் தருமா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தது மெல்போர்ன் ராயல் குழந்தைகள் மருத்துவமனை. 1991 முதல் 1998 வரை நடந்து, 2001-ல் வெளியான ஆய்வு. மொத்தமே 27 குழந்தைகள். மருந்து மட்டும் கொடுத்த 14 பேரில் 2 பேர்தான் ஆறு மாதம் கழித்து இயல்பாகவோ சிறு குறையோடோ இருந்தார்கள். இரண்டு பொட்டுப் பக்கமும் எலும்பை எடுத்த 13 பேரில் 7 பேர். 27 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பேச்சு வரும்போது இந்த ஆய்வைத்தான் எடுத்து முன்னால் வைக்கிறார்கள், ஏனென்றால் உயிருக்குப் போராடும் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாகப் பிரித்து ஆய்வு செய்வது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

வீக்கத்துக்காக எடுப்பதால் மட்டும் ஓட்டை விழுவதில்லை. மாடியிலிருந்து விழுந்தோ வண்டியில் அடிபட்டோ எலும்பு பல துண்டாக நொறுங்கி, மண்ணும் முடியும் உள்ளே போயிருந்தால் சில துண்டுகளை எடுத்துப் போட வேண்டியிருக்கும். வைத்த எலும்பில் சீழ் பிடித்தால் அதையும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எலும்பு இல்லாத அந்த இடைக்காலம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தோலுக்கு அடியிலேயே மூளை உறை, அதற்கு அடியில் மூளை. கை வைத்தால் நாடி துடிப்பது தெரியும், உச்சிக்குழியில் தெரிவது போல, ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு. குழந்தை வீறிட்டு அழுதால் அந்த இடம் புடைத்துக்கொண்டு வரும், எழுப்பி உட்கார வைத்தால் சப்பிப்போய் உள்ளே குழியும். அந்தப் பக்கமாகப் புரண்டு படுக்கக் கூடாது, தலையில் மெத்தென்ற தொப்பியோ ஹெல்மெட்டோ போட்டே நடமாட வேண்டும். நடக்கத் தொடங்கிய ஒன்றரை வயதுப் பிள்ளையை விழாமல் பார்த்துக்கொள் என்று சொல்வது சுலபம். பாட்டிகள் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இன்னொரு பிரச்சினையும் உண்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள்.

ஓட்டை வெறும் அழகுக் குறை இல்லை. பெரிய ஓட்டை இருந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் நேரே தோல் வழியாக மூளை மேல் விழுகிறது. தலைவலி, தலைசுற்றல், எரிச்சல், கவனம் நிற்காமை, சிலருக்கு ஒரு பக்கக் கை கால் பலம் குறைவது வரை போகும். 1939-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எலும்பை மூடியதும் சிலர் சட்டென்று தெளிவாகப் பேசத் தொடங்கியதும் தேங்கி நின்ற பிசியோதெரபி முன்னேறியதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே மூடுவதைச் சும்மா தள்ளிப்போடுவதும் நல்லதில்லை. முன்பெல்லாம் மூன்று மாதம், ஆறு மாதம் என்று காத்திருப்பார்கள். இப்போது குழந்தைகளுக்கு வீக்கம் வடிந்து, காய்ச்சல் எதுவும் இல்லை என்றால் ஆறு வாரத்துக்குள்ளேயே வைத்துவிடலாம், அப்படி வைத்தால் எலும்பு கரைவதும் குறைகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், ஏன் கரைகிறது?

வெட்டி எடுத்த எலும்பு, வயிற்றில் இருந்தாலும் ஃப்ரீசரில் இருந்தாலும், ரத்த ஓட்டம் அறுந்த எலும்பு. ஃப்ரீசரில் வைத்ததில் உயிரணு எதுவும் மிஞ்சாது, வயிற்றில் வைத்ததிலும் பெரும்பகுதி போய்விடும். அதைத் திரும்பத் தலையில் வைக்கும்போது வைப்பது ஒரு சட்டகம் மட்டுமே. சுற்றியுள்ள உயிருள்ள எலும்பிலிருந்தும் அடியிலிருக்கும் மூளை உறையிலிருந்தும் ரத்தக்குழாய்கள் மெல்ல உள்ளே நுழையும். அவற்றோடு இரண்டு விதமான அணுக்கள் வரும், ஒன்று பழைய எலும்பை அரிக்கும், இன்னொன்று அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே ஒவ்வொரு செங்கல்லாக மாற்றுவது மாதிரி. இரண்டு வேலையும் ஒரே வேகத்தில் நடந்தால் ஒரு வருஷத்தில் அது குழந்தையின் சொந்த, உயிருள்ள எலும்பாகிவிடும். அரிப்பவர்கள் முந்திக்கொண்டால் கட்டுகிறவர்கள் வந்து சேர்வதற்குள் கட்டுவதற்குச் சட்டகமே இருக்காது.

குழந்தை உடம்பில் இந்த அரித்துக் கட்டும் வேலை பெரியவர்களைவிடப் பல மடங்கு வேகமாக நடக்கிறது, வளர்வது என்பதே அதுதானே. எலும்பும் மெல்லியது. அதனால் முந்திக்கொள்ள நேரம் அதிகம் தேவையில்லை. ஸ்கேனில் பார்த்தால் முதலில் விளிம்பில் இடைவெளி அகலும், அப்புறம் நடுவில் அங்கங்கே பொத்தல் தெரியும். செல்லரித்த பலகையைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கமே வேண்டாம். தொட்டால் சில இடம் கெட்டியாக, சில இடம் மெத்தென்று இருக்கும். எலும்பைப் பிடித்து வைக்க முடுக்கிய திருகின் தலை மட்டும் தோலுக்கடியில் முட்டிக்கொண்டு நிற்கும், ஏனென்றால் அது கடித்துக்கொண்டிருந்த எலும்பு போய்விட்டது.

எவ்வளவு பேருக்கு? சியாட்டிலில் இருந்து 2004-ல் வந்த அறிக்கையில் 40 குழந்தைகளில் 20 பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்குக் கரைந்திருந்தது. யூட்டாவிலிருந்து 2013-ல் வந்ததில் 54 பேரில் 27, அதாவது அங்கேயும் சரிபாதி; அதிலும் இரண்டரை வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களைத் தனியாக எடுத்தால் பத்தில் எட்டு பேருக்கு. எலும்பு ஏற்கெனவே உடைந்து துண்டானதாக இருந்தால், அடியில் மூளை நன்றாகக் கசங்கியிருந்தால், தலையில் நீர் கோத்து அதை வடிக்க ஷன்ட் என்ற குழாய் வைத்திருந்தால் ஆபத்து கூடுகிறது என்று பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். ஷன்ட் விஷயம் யோசித்தால் புரியும். நீரை வடித்துவிட்டதால் மூளை உறை எலும்பை விட்டு விலகி நிற்கிறது, ரத்தக்குழாய் அடியிலிருந்து ஏறி வரப் பாலம் இல்லை.

பாதிப் பேருக்குக் கரையும் என்று தெரிந்தும் ஏன் அதையே முதலில் வைக்கிறார்கள் என்று கேட்கலாம். மீதிப் பாதிப் பேருக்குக் கரையாது என்பதுதான் பதில். ஒட்டிவிட்டால் அதைவிடப் பொருத்தமான வடிவம் எந்தக் கம்பெனியாலும் செய்து தர முடியாது, செலவும் இல்லை, தலையோடு சேர்ந்து வளரும். என் பார்வையில் இது நியாயமான முடிவு. பெற்றோரிடம் "இது முதல் முயற்சி" என்று சொல்லிவிட்டுச் செய்தால்.

இந்த "சேர்ந்து வளரும்" என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் அதில்தான் இருக்கிறது. பிறக்கும்போது மூளையின் எடை பெரியவர் மூளையில் கால்வாசி. இரண்டு வயதில் முக்கால்வாசி ஆகிவிடும், ஆறு வயதில் 90 சதவீதம். உள்ளே மூளை வளர்ந்து தள்ளத் தள்ள, ஓட்டின் எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் தையல் கோடுகளில் அது விரிகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. வெளிப்பக்கம் புது எலும்பு படியும், உட்பக்கம் பழையது கரையும். இதனால் ஒரு விநோதம். சின்ன வயதில் ஓட்டின் வெளிப்பக்கம் வைத்து முடுக்கிய உலோகத் தகடும் திருகும் நகராமல் இருந்த இடத்திலேயே இருக்க, எலும்பு அதைத் தாண்டி வெளியே வளர்ந்து போய், சில வருஷம் கழித்து அதே திருகு ஓட்டின் உட்பக்கம், மூளை உறையை ஒட்டி இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் உள்ளே தள்ளவில்லை, ஓடுதான் அதைக் கடந்து போயிருக்கிறது. அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்குக் கரையும் தகடும் திருகும் போடும் பழக்கம் வந்தது. எலும்பு ஒட்டும் வரை பிடித்துக்கொண்டு, அப்புறம் ஒன்று இரண்டு வருஷத்தில் அதுவாகவே காணாமல் போய்விடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மூளை உறைக்கு எலும்பை உண்டாக்கும் சக்தி இருக்கிறது. உறை கிழியாமல் இருந்தால் அந்த வயதில் விழுந்த ஓட்டை பல தடவை தானாகவே மூடிக்கொள்ளும், யாரும் எதுவும் வைக்க வேண்டாம். இரண்டு வயது தாண்டத் தாண்ட அந்தச் சக்தி மங்கிவிடுகிறது. நாலு வயதுப் பிள்ளைக்குப் பெரிய ஓட்டை தானாக மூடும் என்று காத்திருப்பது வீண்.

உறை கிழிந்திருந்தால் கதை நேர் எதிராகப் போகும். கைக்குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து எலும்பில் ஒரு கோடு மாதிரி கீறல், தலையில் வீக்கம், இரண்டு நாளில் சிரித்து விளையாடுகிறது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் மெத்தென்று ஒரு புடைப்பு, அழுதால் பெரிதாகிறது. எலும்பு உடைந்தபோது அடியில் உறையும் கிழிந்து, வளரும் மூளை ஒவ்வொரு துடிப்பிலும் அந்தக் கிழிசலைத் தள்ளித் தள்ளி எலும்பின் இடைவெளியை அகலமாக்கிக்கொண்டே போயிருக்கிறது. வளரும் எலும்பு முறிவு என்று இதைச் சொல்கிறார்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹௌஷிப் 1816-ல் எழுதி வைத்த நோய். அபூர்வம்தான், மண்டை எலும்பு உடைந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இருக்கமாட்டார்கள், ஆனால் பெரும்பாலும் மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்கே வருகிறது என்பதால் அந்த வயதில் மண்டையில் கீறல் என்று சொல்லி அனுப்பினால் இரண்டு மாதம் கழித்து ஒருமுறை காட்டிவிட்டு வருவது நல்லது. இங்கே ஓட்டையை மூடுவதைவிட, எலும்புக்கு அடியில் வெகுதூரம் சுருங்கிப் போயிருக்கும் உறையின் விளிம்பைத் தேடிப் பிடித்துத் தைப்பதுதான் பெரிய வேலை. அதற்காகவே சுற்றியுள்ள நல்ல எலும்பையும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, சொந்த எலும்பு கரைந்துவிட்டது, அல்லது நொறுங்கிப்போனதால் வைக்கவே வழியில்லை. அடுத்து என்ன?

ஐந்தாறு வயதுக்கு மேல் என்றால் மண்டை ஓட்டையே இரண்டாகப் பிளக்கலாம். ஓடு ஒரே கட்டி இல்லை; வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் கடற்பஞ்சு மாதிரி மென்மையான எலும்பு. ஓட்டையின் அளவுக்கு வேறு இடத்திலிருந்து ஒரு துண்டை முழுசாக வெட்டி எடுத்து, மேஜை மேல் வைத்து, மெல்லிய உளியும் ரம்பமும் கொண்டு தோசையை இரண்டாகப் பிரிப்பது போலப் பிரிப்பார்கள். ஒரு தகடு ஓட்டைக்கு, இன்னொரு தகடு எடுத்த இடத்துக்கே. ஆனால் அந்த நடு அடுக்கு மூன்று நாலு வயது வரைக்கும் சரியாக உருவாகியே இருக்காது. இரண்டு வயதுக் குழந்தையின் ஓடு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், பிளக்கப்போனால் உடையும். விலா எலும்பும் எடுப்பதுண்டு, மேலுறையை விட்டுவிட்டு எடுத்தால் அந்த விலா திரும்ப வளரும் என்பது ஒரு வசதி, ஆனால் நெற்றியில் வைத்தால் வரி வரியாகத் தெரியும்.

மிகச் சின்னக் குழந்தைகளுக்கு வந்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடித்தது, அதன் எளிமைக்காகவே. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 2000-களின் பிற்பகுதியில் ஒரு குழு எழுதியது. ஓட்டைக்கு வேறு இடத்திலிருந்து முழுக்கனத் துண்டு ஒன்றை எடுத்து வைத்துவிடுவது. அந்த எடுத்த இடத்தில் விழும் ஓட்டையை எலும்புச் சீவலால் நிரப்புவது. சீவலை எப்படி எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மோட்டார் துளைக்கருவியால் வரும் எலும்புத் தூளை வைத்தால் எலும்பு வளரவில்லை. தூள் அதிக நைசு, சூட்டில் அணுக்களும் செத்துவிடுகின்றன. அதனால் பழைய காலத்துத் தச்சர்கள் வைத்திருந்த கைச்சுற்றுத் துளைக்கருவி மாதிரியே ஒன்றை எடுத்து, மோட்டார் இல்லாமல், கையால் மெதுவாகச் சுற்றிச் சுற்றி, வெட்டி எடுத்த எலும்புத் துண்டின் உட்பக்கத்தைச் சுரண்டுகிறார்கள். தேங்காய்த் துருவல் மாதிரி ஈரமாக, சிறு சிறு சுருளாக விழும். அதைக் கொஞ்சம் ரத்தத்தோடு பிசைந்து உறையின் மேல் பரப்பிவிட்டால், ரத்தக்குழாய் ஒவ்வொரு துணுக்குக்கும் சீக்கிரமே எட்டிவிடும், கெட்டித் துண்டுக்குள் நுழைவதைப் போல மாதக்கணக்கில் வழி தேட வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் விலை சொல்லும் கருவிகள் இருக்கும் ஒரு தியேட்டரில் கடைசியில் வேலைக்கு ஆனது கையால் சுற்றும் துளைக்கருவி.

செயற்கைப் பொருட்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். டைட்டானியம் வலை பலமானது, கிருமியோடு ஓரளவு மல்லுக்கட்டும், ஆனால் தோல் மெல்லியதாக இருந்தால் விளிம்பு அறுத்துக்கொண்டு வெளியே வரலாம். போன் சிமெண்ட் என்கிற அக்ரிலிக் மலிவு. ஸ்கேனை வைத்து 3டி பிரிண்டரில் அச்சு செய்து, அந்த அச்சில் சிமெண்டை வார்த்து எடுத்தால் வடிவமும் அச்சு அசலாக வரும். இறுகும்போது கையில் பிடிக்க முடியாத அளவு சூடாகும் என்பதால் தலைக்கு வெளியே வார்த்து, ஆறவிட்டு வைப்பது நல்லது. பீக் என்ற பிளாஸ்டிக் ரகம் எலும்புக்கு நெருக்கமான தன்மை உடையது, விலைதான் கண்ணைக் கட்டும். எதுவாக இருந்தாலும் இவை எதுவும் வளராது, கிருமி பிடித்தால் மொத்தத்தையும் எடுத்தாக வேண்டும். அதனால் தலை வளர்ச்சி ஏறக்குறைய முடிந்த ஆறேழு வயதுக்கு மேல் தைரியமாக வைக்கிறார்கள், அதற்குக் கீழே வேறு வழியில்லாதபோது மட்டும்.

பொருள் பற்றாக்குறை பழைய கதைதான். 1668-ல் ஹாலந்து மருத்துவர் யோப் வான் மீக்ரென் பதிவு செய்திருப்பது: வாளால் வெட்டுப்பட்ட ஒரு ரஷ்யப் பிரபுவின் மண்டைக்கு நாயின் மண்டை எலும்பை வைத்தார்கள், அது ஒட்டியும் விட்டது. விஷயம் தெரிந்து தேவாலயம் அந்தப் பிரபுவைச் சபையை விட்டு விலக்கியது. எடுத்துவிடுங்கள் என்று அவர் திரும்ப வந்தபோது எடுக்க முடியாத அளவுக்கு நன்றாக ஒட்டியிருந்ததாம்.

ஆபரேஷன் நாள் பற்றி ஒன்று மட்டும். பழைய தழும்பு வழியாகவே திறப்பார்கள். தலைத்தோலை மூளை உறையிலிருந்து பிரிப்பதில்தான் நேரம் போகும், இரண்டும் பசை போட்ட மாதிரி ஒட்டிப் போயிருக்கும், அவசரப்பட்டால் உறை கிழிந்து நீர் கசியும். தலைத்தோல் வேறு தாராளமாக ரத்தம் சிந்தும் இடம். பத்து கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லி. ஒரு காபி டம்ளர் அளவு, 200 மில்லி, போனாலே கால்வாசி போய்விட்டது. பெரியவருக்குத் துடைத்துவிட்டுப் போகக்கூடிய ரத்தம் இங்கே உயிர் விஷயம், அதனால்தான் ரத்தம் ஏற்பாடு செய்து கையில் வந்த பிறகே மயக்க மருந்து கொடுப்பார்கள், காலையில் டோனர் வரத் தாமதமானால் கேஸைத் தள்ளிப்போடுவதும் அதனால்தான்.

செலவு பற்றியும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் இருக்கிறது, ஆனால் பெயரிலேயே உள்ளபடி அது முதல் 48 மணி நேரத்துக்கு. எலும்பைத் திரும்ப வைக்கும் ஆபரேஷன் வாரங்கள் கழித்து வருகிறது. அதற்குக் காப்பீட்டு அட்டையில் என்ன வழி என்று டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டாவது தடவை செயற்கைத் தகடு வேண்டியிருந்தால் அதன் விலைக்கும் சேர்த்தே. வண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒன்று: ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு கட்டிக்கொள்ளும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் விதி 2023 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்து ஊர்கோலம் போகிறவர்களை நான் இன்றைக்குக் காலையிலும் பார்த்தேன்.

வைத்த எலும்பு நிற்கிறதா என்று பார்க்க ஒரு வருஷமாவது, சின்னக் குழந்தை என்றால் இன்னும் அதிகமாகவும் தொடர்ந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் வேண்டியதில்லை, அனுபவப்பட்ட விரல் தடவியே பாதி சொல்லிவிடும், கதிர்வீச்சும் மிச்சம். வீட்டிலும் வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பாட்டும்போது விரல் நுனியால் விளிம்பைச் சுற்றி ஒரு முறை தடவிப் பார்த்தால் போதும். புதிதாக ஒரு மெத்தென்ற இடம், தழும்பில் சிவப்பு, கசிவு, திருகு முட்டுவது, இதில் எது தெரிந்தாலும் அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

ஸ்கேன் சிடியைத் தொலைக்காதீர்கள், அடுத்த தகடு செய்ய நேர்ந்தால் அதிலிருந்துதான் அளவு எடுப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பு வயிற்றில் எந்தப் பக்கம் வைக்கப்பட்டது, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் பிள்ளை வயிற்றுவலி என்று எங்கோ ஒரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கும்போது, வலப்பக்கம் இருக்கும் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, குடல்வால் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று டியூட்டி டாக்டர் நினைத்துவிடக் கூடாது.